பத்து பேர், ஒன்பது இருக்கை

என் அண்ணன் விஸ்வேஸ்வரனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. மைசூர் ரயில்நிலையத்து முன்பதிவுக் கௌன்ட்டரில் முப்பத்தேழு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவனுக்கு நான் செய்த ஒரு காரியம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் கல் நகரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் சீதாலக்ஷ்மி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கோபக்காரி. "சீதா மிஸ் உள்ள வந்தா ஃபேன்கூட நின்னுடும்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்த அப்பா எங்களுக்கு விட்டுப்போனது லக்ஷ்மிபுரத்து வாடகை வீட்டையும் கணக்குப் பைத்தியத்தையும்தான். அண்ணா, மன்னி அன்னபூர்ணி, நான் என்று மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அண்ணா இருபத்தொரு வயதில் கௌன்ட்டரில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்து எம்.ஏ. கணக்கு பாஸ் செய்தான். ராஜ்யத்துக்குக் கர்நாடகா என்று பெயர் மாறிய வருஷம், எழுபத்துமூன்றில், நாற்பத்தொரு வயதில், பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டான். விஷயம் கணிதத் தர்க்கம். எதை உண்மை என்று நிரூபிக்கலாம் என்பது பழைய கேள்வி. நிரூபிக்க எவ்வளவு நீளம் எழுத வேண்டும் என்பது புதுக் கேள்வி. வெளிநாட்டில் அப்போதுதான் அதைக் கிளப்பியிருந்தார்கள். அவனுடைய கைடு ஒரு கன்னடக்காரர், நல்ல மனிதர். அந்தக் கட்டுரைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து இவனிடம் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

"சீது, ஒரு நிரூபணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கறது ஒரு வேலை. கண்டுபிடிச்சதைச் சரிபாக்கறது இன்னொரு வேலை. ரெண்டும் ஒரே அளவு கஷ்டமா இல்லையான்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது" என்றான் ஒரு நாள்.

"நம்ம வீட்டுல தெரியும். நீ சாவகாசமா தேடிண்டே இரு. பரீட்சை பேப்பர் நானூறையும் திருத்திட்டு உன்னோடதையும் பாக்கறவளுக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

"உன் வேலை சுலபம்டி. சும்னே கத்தாதே." அவன் பேச்சில் மைசூர்க் கன்னடம் இப்படித்தான் கலந்து வரும்.

அதுதான் எங்கள் ஏற்பாடு. காலை ஐந்திலிருந்து எட்டு வரை அவன் எழுதுவான். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து நான் வரி வரியாகப் பார்ப்பேன். சிவப்புப் பென்சிலால் பக்கத்தின் அடியில் 'சரி, சீ.' என்று எழுதினால்தான் மறுநாள் அடுத்த பக்கத்தைத் தொடுவான். நான் எழுதவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுவான். கைடு சொன்னால்கூட ஒரு வார்த்தை வாதம் செய்வான். என் பென்சிலுக்கு மறுபேச்சே கிடையாது.

அவன் எனக்கு விளக்கியது ரயில்பெட்டியை வைத்துத்தான். பத்து பயணிகள், ஒன்பது இருக்கை. ஓர் இருக்கையில் ஒருவர்தான். எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? கிடைக்காது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எண்ணிப் பார்க்காமல், தர்க்க விதியை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் காட்ட வேண்டும். முதலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பயணி முதல் இருக்கையில் இருக்கிறார், அல்லது இரண்டாவதில், அல்லது மூன்றாவதில், இப்படி ஒன்பதாவது வரைக்கும் ஒரே வரி. அப்படி ஒவ்வொரு பயணிக்கும் ஒரு வரி. பிறகு வேறொரு வகை வரி: முதல் இருக்கையில் முதல் பயணி இல்லை, அல்லது இரண்டாம் பயணி இல்லை. இதுபோல ஒவ்வொரு ஜோடிக்கும், ஒவ்வொரு இருக்கைக்கும். விதி ஒன்றே ஒன்று. ஒரு வரியில் ஒரு விஷயம் 'உண்டு' என்றும், இன்னொரு வரியில் அதே விஷயம் 'இல்லை' என்றும் இருந்தால், அந்த இரண்டையும் அடித்துவிட்டு மீதியைச் சேர்த்துப் புது வரி எழுதலாம். இப்படியே அடித்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாத வெற்று வரி வந்தால், ஆரம்பத்தில் வைத்துக்கொண்டது பொய் என்று ஆகிவிடும்.

மன்னி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பத்து பேர் ஒன்பது சீட்டுல உக்கார முடியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை பேப்பர்? தசராவுக்கு முந்தின நாள் கௌன்ட்டர்ல நிக்கற கூட்டத்தைக் கேட்டா காறித் துப்பிச் சொல்வாளே" என்றாள்.

அண்ணா சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

அவன் சாதிக்க நினைத்தது சின்ன விஷயம் இல்லை. உண்மையான எந்தத் தர்க்க வாக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரே விதியால் குட்டையான நிரூபணம் எழுதிவிடலாம் என்று காட்ட நினைத்தான். குட்டை என்றால், பயணிகள் இரண்டு மடங்கானால் பக்கங்கள் நாலு மடங்கோ எட்டு மடங்கோ ஆகலாம், மலையாகக் கூடாது. இருக்கைக் கணக்குத்தான் அதில் கழுத்தைப் பிடிக்கிற இடம். அதைக் குட்டையாக முடித்தால் மற்றது வழிக்கு வரும் என்று நம்பினான். பட்டம் வந்தால் காலேஜில் இடம் பார்க்கலாம் என்று கைடு சொல்லியிருந்தார். கௌன்ட்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போக அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதற்காக இரண்டு தடவை பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். ஏற்றுக்கொண்டால் ஹூப்ளிக்கு மாற்றல், மைசூரையும் கைடையும் விட்டுப் போக வேண்டும். அவனுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர் அவனுக்கு மேலதிகாரியாக வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்கும் வணக்கம் வைத்தான்.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது.

எழுபத்தேழு தசரா லீவு. எனக்குப் பள்ளி இல்லை. அண்ணா இருக்கைக் கணக்கை எழுதிக் குவித்திருந்தான். காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை. அடுத்த கௌன்ட்டர் தொட்டையன் கழித்துப்போட்ட பழைய முன்பதிவுத் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அதில் எழுதுவான். நான் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முதல் பயணிக்கு ஒரு பக்கம் முழுக்க வரிகள். இரண்டாம் பயணிக்கு அதே வரிகள், எண் மட்டும் மாறியிருக்கும். மூன்றாம் பயணிக்கும் அப்படியே. ஆறாம் பயணி வந்தபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"அண்ணா, உனக்குக் கை வலிக்கலையா? எனக்குக் கண்ணு வலிக்கறது. எல்லாம் ஒரே பாட்டுதானே?"

"விதின்னா விதிதான். எழுதித்தான் ஆகணும்."

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். முன்பக்கத்தில் அவன் கையெழுத்திலேயே பயணிகள் பட்டியல் இருந்தது. முதல் பெயருக்கு எதிரே 'மைசூர் – அரசிகெரெ' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இருபது பெயர்களுக்கும் இரண்டு சின்னக் கோடுகள். டிட்டோ.

"இங்க எப்படி எழுதியிருக்கே? ஒருத்தருக்கு எழுதிட்டு மத்தவாளுக்கு டிட்டோ போட்டிருக்கியோல்லியோ? அங்கயும் போடேன்."

"இங்க ஊர் பேரு, போடலாம். அங்க நிரூபணம்டி."

"அதே வரிதானே? யாருன்னுதானே மாறறது? போடு. நான் சரின்னு எழுதறேன்."

அவன் பேனாவை எடுத்தான். நாலு நாளில் பத்து பயணிகளின் முழு நிரூபணமும் ஆறே பக்கத்தில் அடங்கிவிட்டது. பதினைந்து பேருக்கு எழுதிப் பார்த்தான், பதினொரு பக்கம். இருபது பேருக்குப் பத்தொன்பது. மலை இல்லை, மேடுதான். கடைசிப் பக்கத்தில் நான் 'சரி, சீ.' என்று எழுதியபோது அவன் எழுந்து நின்றுவிட்டான். "ஆயித்து சீது, ஆயித்து" என்றான். அன்று சாயங்காலம் மூன்று பேரும் மசால் தோசை சாப்பிட்டுவிட்டுக் குக்கரஹள்ளிக் குளத்தைச் சுற்றி நடந்தோம். மன்னி புதுப் புடவை கட்டியிருந்தாள்.

நல்ல வேலை செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. பள்ளியில் எந்தப் பெண்ணாவது வடிவியல் நிரூபணத்தில் 'இதேபோல மற்றதும்' என்று எழுதித் தப்பித்தால் நான் முட்டை போடுகிறவள். அது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் டிட்டோ என்பது ஒரு குறியாகவே கண்ணில் படவில்லை. அவனுக்கு இருபத்தைந்து வருஷத்துக் கைப்பழக்கம். எனக்கு அவன் கையெழுத்துப் பழக்கம்.

எழுபத்தெட்டு ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்தான். எழுபத்தொன்பது ஏப்ரலில் வெளியூர்ப் பல்கலைக்கழகத் தேர்வாளரின் அறிக்கை வந்தது. திட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். இந்த முறையில் விதி ஒன்றே ஒன்று என்று ஆசிரியர் சொல்கிறார். ஆறாம் அத்தியாயத்தில் நாற்பத்துமூன்று இடங்களில் வரும் இரட்டைக் கோடு அந்த விதியா? இல்லை என்றால், அந்த இடங்களை எல்லாம் விரித்து எழுதி, வரிகளை எண்ணிக் காட்டவும்.

அண்ணா அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு அப்போதே விரிக்க உட்கார்ந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் டிட்டோவை விரித்தான். அதற்குள் பன்னிரண்டு வரி இருந்தது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு, வேறு டிட்டோவின் மேல் நின்றன. அவற்றை விரித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் இரண்டு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு மன்னி மூன்று தடவை கூப்பிட்டாள். நாலு மணிக்குத் தரை முழுக்கத் தாள். அவன் இன்னும் முதல் டிட்டோவைத் தாண்டவில்லை.

"சீது, இது நிக்கமாட்டேங்கறது" என்றான்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. ஒரு பயணி கூடும்போதெல்லாம் மொத்தமும் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆறு பக்கம் என்று நாங்கள் தோசை சாப்பிட்டுக் கொண்டாடியது, விரித்தால் ஓர் அறை நிறையக் காகிதம். ஆறு வருஷ உழைப்பு, விட்டுக்கொடுத்த இரண்டு பதவி, எல்லாம் என் வாயால் வந்த அந்த இரண்டு கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் போய் மன்னிக்குத் தெரியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அவன் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நீதானே போடச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்துக் கைடைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது சைக்கிளை நிறுத்தாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தான். முகத்தில் பழைய வெளிச்சம்.

"அவர் ஒண்ணு சொன்னார் சீது. டிட்டோவையே ஒரு விதியா வெச்சுண்டா என்னன்னு கேக்கறார். பழைய விதி ஒண்ணு, டிட்டோ ஒண்ணு, ரெண்டு விதி. ஆய்வேட்டை அந்த மாதிரி மாத்தி எழுதிக் கொடுங்கோ, ஒரு வருஷம் டைம் வாங்கித் தரேங்கறார். நானும் யோசிச்சுண்டே வந்தேன். இது நியாயம்தான். எல்லாப் பயணியும் ஒரே மாதிரி. மூணாம் பயணியை அஞ்சாம் பயணின்னும் அஞ்சாமவரை மூணாமவர்னும் மாத்தி எழுதினா, நாம ஆரம்பிச்ச வரிகள் ஒண்ணும் மாறாது. அதே கட்டுத்தான். அப்போ மூணாமவருக்கு நிரூபிச்சது அஞ்சாமவருக்கும் செல்லும். திரும்ப எதுக்கு எழுதணும்? பாரு, சரியான்னு பாத்துச் சொல்லு."

ஒரு தாளை நீட்டினான். சைக்கிளை நிறுத்திக் குளக்கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ஒன்றரைப் பக்கம்.

நான் படிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைப் படிக்கவில்லை. டிட்டோ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே என்னால் அவமானப்பட்டவன், மறுபடி அதே குப்பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கப்போகிறானா என்று பதறினேன். பதற்றம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வெக்கமா இல்லையா உனக்கு? ஒரே விதின்னு ஆறு வருஷமா ஊரெல்லாம் சொல்லிண்டு, மாட்டிண்டதும் இன்னொரு விதியைச் சேத்துக்கறதா? இது என்ன சீட்டாட்டமா, தோத்தா ரூலை மாத்திக்கறதுக்கு? என் கிளாஸ்ல இப்படி எழுதினா நான் பேப்பரைக் கிழிச்சு மூஞ்சியில எறிவேன்."

"இல்லடி, ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

"பாக்க மாட்டேன். நான் சரின்னு போட மாட்டேன். டிட்டோ போடச் சொன்னது என் புத்திகெட்டதனம். எல்லாத்தையும் எடு. ஒரு வரி விடாம எழுது. எங்கயாவது குறுக்கு வழி இருக்கும், தேடு."

அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுவாரம் மன்னி அதைச் சட்டையோடு துவைத்துவிட்டாள். நான் கத்தியதற்கு மறுநாள் காலையில் எழுந்தபோது அவன் சவர பிளேடை வைத்துக்கொண்டு ஆய்வேட்டின் தன் பிரதியில் டிட்டோக்களை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். நாற்பத்துமூன்றையும் சுரண்டினான். சில இடங்களில் காகிதம் ஓட்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். எப்படிச் சொல்வது? மூன்று இருக்கைக்கு ஒன்றரைப் பக்கம். நாலுக்கு ஐந்து. ஒவ்வோர் இருக்கையாக, ஒரு வரி விடாமல் எழுதி, எங்காவது குறுக்கு வழி கண்ணில் படுகிறதா என்று தேடினான். எட்டு இருக்கை முடிய பதினோரு நோட்டு ஆயிற்று. எண்பத்தொன்றில் பல்கலைக்கழகப் பதிவு காலாவதியாகிவிட்டது. கடிதம் வந்த அன்று காலையிலும் மூன்று மணி நேரம் எழுதினான். மூன்றாம் தடவை பதவி உயர்வு வந்தது, அதையும் வேண்டாம் என்றான். இந்தத் தடவை மைசூரை விட்டுப் போக என்ன தடை என்று மன்னி கேட்டாள். "நோட்டெல்லாம் இங்க இருக்கே" என்றான். அவள் அதற்குப் பிறகு அவனிடம் எதுவும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள்: "நீயாவது நிறுத்தச் சொல்லேன். நீ சொன்னா கேப்பார்."

சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். சிவப்புப் பென்சிலை ஒளித்து வைத்தேன். அவன் புதுப் பென்சில் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தான். நிறுத்து என்று சொல்கிறபோது மட்டும் என் பேச்சு அவனிடம் செல்லவில்லை. கண்ணாடி மூன்று தடவை மாறியது. வலது கையின் கட்டைவிரல் மடங்காமல் போயிற்று. கௌன்ட்டரில் டிக்கெட் எழுத வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு சிரமப்படுவான் என்று தொட்டையன் வந்து சொன்னார். வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சாப்பிடும்போது அவன் உதடு எண்களை முணுமுணுக்கும். நான் தினமும் அவன் எழுதியதைப் பார்த்து 'சரி, சீ.' போட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்த பாவத்துக்கு வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தாறு ஜூலையில் அவனுடைய கைடு பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். ஓய்வு பெற்றிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் இரண்டு கட்டுரைகளின் நகல். போன வருஷம் வெளிநாட்டு இதழ்களில் வந்தவையாம். "உங்க அண்ணன்கிட்ட நீங்களே கொடுத்துடுங்கம்மா. எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க தைரியம் இல்ல" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார்.

சாயங்காலம் குக்கரஹள்ளிக் கரையில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் புரிந்தது என்று சொல்லமாட்டேன். முக்கியமானது புரிந்தது. முதல் கட்டுரையில் எங்கள் இருக்கைக் கணக்கேதான். அங்கே பயணிகளுக்குப் பதில் புறாக்கள், இருக்கைகளுக்குப் பதில் கூண்டுகள். அந்த ஒரே விதியை மட்டும் வைத்துக்கொண்டால், எவ்வளவு கெட்டிக்காரன் எழுதினாலும், நிரூபணம் மலையாகத்தான் ஆகும், குறுக்கு வழி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நிரூபித்திருந்தார் ஒருவர். இரண்டாவது கட்டுரையில், ஒன்றோடொன்று மாற்றினாலும் மாறாத விஷயங்களுக்கு 'இதேபோல' என்பதையே ஒரு விதியாகச் சேர்த்துக்கொண்டால், அதே கணக்கு நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும் என்று இருந்தது. அண்ணா சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து சொன்னானே, வார்த்தைக்கு வார்த்தை அதுதான். அவன் ஒன்றரைப் பக்கம் எழுதிய அதே கரையில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவன் ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்தான். ஒன்பது இருக்கை, முப்பத்தோராம் நோட்டு. முதல் கட்டுரையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது என் பையிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் படித்தான். மன்னி வைத்த காபி ஆறிப்போயிற்று.

"எத்தனை பக்கம் பாத்தியா சீது?" என்றான்.

"பன்னிரண்டு."

"முப்பத்தோரு நோட்டு எழுதியும் எனக்கு முடியல. அது முடியாதுன்னு சொல்ல அவருக்குப் பன்னிரண்டு பக்கம் போறும்." சிரித்தான். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அவன் பல்லைப் பார்த்தேன். "நன்னா பண்ணியிருக்கார். ஒரு வரி அதிகம் இல்ல."

மன்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்போ முடிஞ்சுதா? அந்த ட்ரங்குப் பெட்டியையெல்லாம் காலி பண்ணிடலாமா?"

அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். பைக்குள் என் கை கட்டுரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறைத்தால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும், எனக்கும் வசதியாக இருக்கும் என்று தெரிந்தது. அந்த வசதிதான் என்னை உறுத்தியது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பக்கம் படித்தான். நிறுத்தினான். முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினான்.

"நான்தாண்ணா அன்னிக்கு வேண்டாம்னேன். நீ கொடுத்ததை நான் படிக்கக்கூட இல்ல."

"ஞாபகம் இருக்கு" என்றான்.

"ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல? நீ செஞ்சது சரின்னு உனக்குத் தெரியுமே. என்னைத் திட்டியிருக்கலாமே."

"சரின்னுதான் நெனைச்சேன். அப்புறம் நீ சரியில்லேன்னே." தாளிலிருந்து நிமிரவில்லை. "உன் பென்சில் தப்பாகும்னு எனக்குத் தோணலடி."

மன்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

அண்ணா இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து ஒழுங்காக அடுக்கி, மேஜை ஓரத்தில் வைத்தான். முப்பத்தோராம் நோட்டிலிருந்து அன்று எழுதிய தாள்களை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

"இன்னிக்கு ஏழு பக்கம். பாத்துடறியா?"

"இனிமே எதுக்குண்ணா?"

"பாதியில நிக்கறது. வேற என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஏழு பக்கத்திலும் ஒரு தப்புகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரி, சீ.' என்று எழுதி அவனிடம் கொடுத்தேன்.